நினைவு களஞ்சியமா? பார்ட்லெட்டின் நூல் பற்றி ஒரு மதிப்பீடு

நினைவாற்றலைக் களஞ்சியத்திற்கு ஒப்பிடுவது நம்மிடையே நெடுநாள் வழக்கம். ஆசிரியர் நெல்லைக் கொட்டுகிறார். மாணவன் தேர்வு நாளன்று அதனை அப்படியே அளந்து கொடுக்க வேண்டும். அளவு குறைந்தால் அவன் சோம்பேறி, அல்லது மந்தபுத்திக்காரன் என்று தீர்ப்பும் கூறிவிடுகிறோம். இவ்வுவமையை வேரோடு அசைத்த நூல், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகப் பேராசிரியர் பிரெடரிக் பார்ட்லெட் 1932இல் வெளியிட்ட ‘நினைவுகூர்தல்’ என்பதாகும். அதன் நிறையையும் குறையையும் ஆசிரியர்கள் அறிந்திருத்தல் வேண்டும்.

அமெரிக்கப் பழங்குடியினரிடையே வழங்கிய ‘பேய்களின் போர்’ என்னும் கதையை அவர் எடுத்துக்கொண்டார். இங்கிலாந்தில் கல்வி பயின்றோரை அதனை இருமுறை படிக்கச் செய்தார். கால் மணி நேரம் கழித்தும், பின்னர் நாட்களும் திங்களும் கடந்தும், நினைவிலிருந்து எழுதச் சொன்னார். கதை சுருங்கியது மட்டுமன்று, உருவமும் மாறிற்று. கடல்நாய் வேட்டை மீன்பிடிப்பாயிற்று. பழங்குடியினரின் தோணி வெறும் படகாயிற்று. விளங்காத பேய்கள் சிலருடைய கதையில் காணாமலே போயின. மனம் தான் முன்னரே அறிந்த உலகத்திற்கு ஏற்பக் கதையைத் திருத்திக்கொண்டது. ஆகவே, நினைவுகூர்தல் என்பது வைத்ததை எடுத்தல் அன்று, ஒவ்வொரு முறையும் புதிதாகக் கட்டுதல் என்றார் பார்ட்லெட். நூலின் உயிர்நிலை இதுவே.

பின்வந்த மூளை ஆராய்ச்சியும் களஞ்சிய உவமைக்குத் துணை நிற்கவில்லை. 1953இல் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டு நகரில், ஹென்றி மோலைசன் என்னும் 27 வயது இளைஞருக்கு வலிப்பு நோய் தீர அறுவை செய்தனர். மூளையின் இருபுறமும் ஹிப்போகாம்பஸ் என்னும் உறுப்பின் பெரும்பகுதியை அகற்றினர். வலிப்பு தணிந்தது, ஆயினும் அதன்பின் நிகழ்ந்தவை எவையும் அவர் நினைவில் நிலைக்கவில்லை. இளமை நினைவுகளோ பல எஞ்சியிருந்தன. பிரெண்டா மில்னர் என்னும் அறிஞர், கண்ணாடியில் தெரியும் உருவை மட்டும் பார்த்து விண்மீன் வரைய அவரைப் பழக்கினார். முந்திய நாள் பழகியது அவருக்கு நினைவில்லை. கை மட்டும் நாளுக்கு நாள் திருந்திற்று. நினைவு உருவாகும் வழியும் அது தங்கும் இடமும் வேறு, செய்தி நினைவும் கைப்பழக்கமும் வேறு என்பது இதனால் விளங்கும்.

இனிக் குறைக்கு வருவோம். பார்ட்லெட் தம் சோதனையில் ‘சொல் பிசகாமல் எழுதுக’ என்று வற்புறுத்தவில்லை. 1967இல் கால்டு, ஸ்டீபன்சன் என்போர் அவ்வாறு வற்புறுத்திப் பார்த்தபோது பிழைகள் குறைந்தன. மேலும், அவர் எடுத்தது அயல்நாட்டு உரைநடைக் கதை. எதுகையும் மோனையும் சீரும் கட்டிக் காக்கும் செய்யுளுக்கு அம்முடிவை அப்படியே பொருத்தலாகாது. செய்யுளில் ஒரு சொல் நழுவினால் ஓசையே காட்டிக்கொடுக்கும். ஏட்டோடு வாய்ப்பாடமும் வளர்த்த தமிழர் இதனை நன்கு அறிவர்.

எபிங்ஹாஸ் என்னும் ஜெர்மானிய அறிஞரின் பொருளற்ற அசைச் சோதனைகளைப் பார்ட்லெட் வாழ்க்கைக்கு ஒவ்வாதவை என்று ஒதுக்கியதும் சற்று மிகையே. ஒரே நாளில் 68 முறை ஓதிய பயனை, மூன்று நாட்களில் பகிர்ந்து 38 முறை ஓதியே பெறலாம் என்று 1885இல் அவர் தம்மையே சோதித்துக் கண்டார். இடைவெளி விட்டுப் பயிலும் முறையின் சிறப்பு இன்றும் மறுக்கப்படாதது.

எனவே குறளை நாள்தோறும் சிறிது சிறிதாக ஓதச் செய்வோம். அங்கே எபிங்ஹாஸ் நமக்கு ஆசான். வரலாறும் அறிவியலும் கற்பிக்கும்போது பார்ட்லெட்டை மறவாதிருப்போம். நூலின் சொல்லை விட்டுத் தன் சொல்லில் விடை எழுதும் பிள்ளையின் தாளில் சிவப்பு மையால் கோடிடுமுன், அவன் மறந்தானா, விளங்கிக்கொண்டானா என்று ஒரு கணம் ஆராய்வோம். மறதிக்குப் பிரம்பு மருந்தாகாது. மறந்ததை மீண்டும் கட்ட உதவுவதே ஆசிரியர் பணி.