குதித்தவர் எப்படிப் பிழைத்தார்?

2012 ஜனவரி 15. பிபிசி ஒன்றில் ‘ஷெர்லாக்’ தொடரின் இரண்டாம் சீசன் முடிகிறது. லண்டன் பார்த்தலோமியூ மருத்துவமனையின் மொட்டைமாடி விளிம்பில் ஷெர்லாக் ஹோம்ஸ் நிற்கிறார். கீழே தெருவில் டாக்டர் ஜான் வாட்சன், காதில் ஃபோனுடன். கொஞ்ச நேரப் பேச்சு. ஷெர்லாக் ஃபோனைத் தூக்கிப் போட்டுவிட்டுக் குதிக்கிறார். நடைபாதையில் ரத்தம், அசைவற்ற உடல். அடுத்து கல்லறை, அதன் முன் உடைந்துபோய் நிற்கும் ஜான். கடைசி ஷாட்டில், சற்றுத் தள்ளி நின்று ஜானைப் பார்த்துக்கொண்டிருப்பவர் அதே ஷெர்லாக்.

அடுத்த எபிசோடு வந்தது 2014 ஜனவரி 1 அன்று. நடுவில் ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள். எப்படிப் பிழைத்தார் என்ற ஒற்றைக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு ரசிகர்கள் அந்தக் காட்சியைப் பிரேம் பிரேமாகப் பிரித்து மேய்ந்தார்கள். மருத்துவமனைக்குப் பக்கத்திலிருந்த சிவப்பு டெலிஃபோன் கூண்டின் கண்ணாடியெல்லாம், ஷெர்லாக்கை நம்புகிறோம் என்ற துண்டுச் சீட்டுகள். எல்லாரும் கவனிக்கத் தவறிய தடயம் ஒன்று உண்டு என்று தொடரை உருவாக்கியவர்களில் ஒருவரான ஸ்டீவன் மொஃபாட் வேறு பேட்டியில் கொளுத்திப் போட்டார். கேட்க வேண்டுமா?

வேலையற்றவர்களின் வேலை என்று இதைத் தள்ளிவிடுபவர்கள் உண்டு. துப்பறியும் தொடரை ரசிப்பதில் இதற்கு மேல் ஒரு படி இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. கச்சேரியில் எல்லாரும் தலையாட்டுகிறார்கள். ஒரு ஸ்வரம் அரை இழை நழுவியதைப் பிடிக்கிற காது சிலருக்குத்தான் வாய்க்கிறது. நல்ல தியரி அந்த மாதிரிக் காதிலிருந்து பிறக்கிறது. அதற்கும் தரம் உண்டு, அழகு உண்டு, அபஸ்வரமும் உண்டு.

முதலில் கண்ணில் படும் தடயங்கள். ஜான் டாக்ஸியிலிருந்து இறங்கி மருத்துவமனையை நோக்கி நடக்கத் தொடங்கியதும், வந்த வழியே திரும்பிப் போ என்று ஷெர்லாக் ஃபோனில் சொல்கிறார். ஓர் இடம் வந்ததும், அங்கேயே நில், நகராதே என்கிறார். முதல் தடவை பார்ப்பவருக்கு அது சாகப்போகிறவரின் பிடிவாதம். திரும்பப் பார்த்தவர்கள் தெருவின் அமைப்பைப் பார்த்தார்கள். ஜான் நிற்கும் இடத்துக்கும் ஷெர்லாக் விழும் நடைபாதைக்கும் நடுவே தாழ்வான கட்டடம் ஒன்று மறிக்கிறது. விழுவது தெரியும், தரையைத் தொடுவது தெரியாது. ஜான் ஓடி வருகிறார். எங்கிருந்தோ வந்த சைக்கிள்காரன் அவரை இடித்துத் தள்ளுகிறான். தலை சுற்ற எழுந்து வருவதற்குள் உடலைச் சுற்றிக் கூட்டம். நடைபாதையை ஒட்டிக் குப்பை மூட்டைகள் அடைத்த லாரி ஒன்று நின்றிருக்கிறது. கொஞ்ச நேரத்தில் கிளம்பிப் போய்விடுகிறது. ஜான் மணிக்கட்டில் நாடி பார்க்கிறார். நாடி இல்லை.

ரசிகர்கள் பிடித்த பிடிகளில் எனக்கு மிகவும் பிடித்தது இந்த நாடி விவகாரம்தான். குதிப்பதற்குச் சற்று முன் வரும் ஆய்வுக்கூடக் காட்சியில் ஷெர்லாக் தரையில் உட்கார்ந்துகொண்டு சின்ன ரப்பர் பந்து ஒன்றைத் தட்டித் தட்டிப் பிடித்துக்கொண்டிருப்பார். யோசிப்பவரின் கைப்பழக்கம் என்று நாம் விட்டுவிடுவோம். அக்குளில் பந்தை இடுக்கி அழுத்தினால் அந்தக் கையில் நாடி கிடைக்காது என்று யாரோ சேர்த்துப் பார்த்தார்கள். அதுவரை வெறும் அலங்காரமாக இருந்த பந்து அந்த நொடியில் கதைக்குள் வந்துவிட்டது. மேஜைமேல் கிடப்பதை எடுத்தே முடிச்சை அவிழ்ப்பது துப்பறியும் கதையின் பழைய தர்மம். பந்துத் தியரி அந்தத் தர்மத்தை ஓர் எழுத்துப் பிசகாமல் காப்பாற்றுகிறது.

ஆனாலும் பந்தும் லாரியும் சாமான்கள்தான். ஆளைப் படித்துச் சொன்ன ஊகம் இன்னொன்று உண்டு. அதன் மையம் மோலி ஹூப்பர். ஆர்தர் கோனன் டாயிலின் மூல ஹோம்ஸ் கதைகளில் இந்தப் பெண் கிடையாது, தொடருக்காகவே படைக்கப்பட்டவர். பிணவறையில் வேலை. ஷெர்லாக் மேல் சொல்ல முடியாத பிரியம். அவரோ இவரைக் கண்டுகொள்வதில்லை. காபி வாங்கிவரச் சொல்வார், போகிறபோக்கில் மனதைப் புண்படுத்துவார். இந்த எபிசோடில் மட்டும் நிலைமை தலைகீழ். நீ சோகமாக இருப்பது எனக்குத் தெரிகிறது, நான் கணக்கில் இல்லாதவள், ஆனாலும் ஏதாவது வேண்டுமென்றால் கேள் என்கிறார் மோலி. இரவில் ஷெர்லாக் அவரிடமே திரும்பி வந்து, நீ எப்போதுமே கணக்கில் இருந்தவள்தான் என்கிறார். என்ன வேண்டும் என்று கேட்கும்போது அவர் சொல்லும் பதில், நீதான்.

அடுத்த நாள் மொட்டைமாடியில் ஷெர்லாக்கின் பரம எதிரி மொரியார்ட்டி மிரட்டுகிறான்: நீ சாகாவிட்டால் உன் நண்பர்கள் மூன்று பேரும் செத்தார்கள். ஜான், வீட்டுக்காரம்மா மிஸஸ் ஹட்சன், இன்ஸ்பெக்டர் லெஸ்ட்ரேட். பட்டியலில் மோலி இல்லை. ஷெர்லாக்கை அக்குவேறு ஆணிவேறாக அறிந்த எதிரிகூட அந்தப் பெண்ணை ஒரு பொருட்டாக நினைக்கவில்லை. பிணமும் சான்றிதழும் யார் கையில் இருக்கின்றனவோ அவரை எண்ணாமல் விட்டதுதான் மொரியார்ட்டியின் தோல்வி என்று ரசிகர்கள் வாதாடினார்கள். இதற்கு நாடியும் வேண்டாம், லாரியும் வேண்டாம். யாரை யார் எப்படிப் பார்க்கிறார்கள் என்பதை மட்டும் கவனித்து எட்டிய முடிவு. இதற்குப் பிறகு முதல் சீசனைத் திரும்பப் பார்த்தால், மோலி அவமானப்படும் ஒவ்வொரு காட்சியும் வேறு கனத்தோடு தெரியும்.

இந்த விளையாட்டு நூறு வயதைத் தாண்டியது. டாயில் 1893இல் ‘ஸ்ட்ராண்ட்’ பத்திரிகையில் ஹோம்ஸை ரைக்கன்பாக் அருவியில் தள்ளிக் கதையை முடித்தார். 1903இல் உயிரோடு மீட்டுக்கொண்டு வந்தார். ஹோம்ஸ் விழவே இல்லை, பாறையைப் பற்றி ஏறித் தப்பினார் என்றார். 1911இல் ரொனால்ட் நாக்ஸ் என்ற ஆக்ஸ்ஃபோர்டு அறிஞர், வேதாகமத்தை அறுத்துப் பார்க்கும் ஆராய்ச்சியாளர்களின் பாணியிலேயே ஹோம்ஸ் கதைகளை ஆராய்ந்து கேலிக் கட்டுரை எழுதினார். கதைகளுக்குள் இருக்கும் முரண்பாடுகளைத் திரட்டி, திரும்பி வந்த பிறகான கதைகளெல்லாம் வாட்சன் இட்டுக்கட்டியவையா என்று வாதப் பிரதிவாதம் நடத்தினார். படித்த டாயில், இவ்வளவு மெனக்கெட ஒருவருக்கு எப்படி மனம் வந்தது என்று வியந்து கடிதம் எழுதினார். 1934இல் நியூயார்க்கில் ‘பேக்கர் ஸ்ட்ரீட் இர்ரெகுலர்ஸ்’ என்ற ஹோம்ஸ் ரசிகர் கழகம் தோன்றியது. அங்கே 1941இல் எழுத்தாளர் ரெக்ஸ் ஸ்டவுட், வாட்சன் ஒரு பெண் என்று நிறுவி உரையாற்றினார். கேலியாகத் தொடங்கியதுதான், ஆனால் ஹோம்ஸும் வாட்சனும் நிஜமாக வாழ்ந்தவர்கள், டாயில் வெறும் இடைத்தரகர் என்ற பாவனையைச் சிரிக்காமல் காப்பாற்றுவது விளையாட்டின் விதி.

டாயில் அவசரமாக எழுதுபவர். அவர் கைதவறிய இடமெல்லாம் இவர்களுக்குப் புதையல். வாட்சனுக்குக் குண்டடி பட்டது முதல் நாவலில் தோளில். இரண்டாவது நாவலில் காலில். அவர் பெயர் ஜான் எச். வாட்சன்; ஒரு கதையில் மனைவியே அவரை ஜேம்ஸ் என்று கூப்பிடுகிறார். துப்பறியும் நாவலாசிரியர் டாரதி சேயர்ஸ் இதற்கு ஒரு சமாதானம் கண்டுபிடித்தார். ‘எச்’ என்பது ஹேமிஷ். அது ஜேம்ஸ் என்பதன் ஸ்காட்லாந்து வடிவம். ஆக, மனைவி கணவரின் நடுப்பெயரைத்தான் செல்லமாகச் சொல்லியிருக்கிறார்.

மொஃபாட்டும், அவரோடு சேர்ந்து தொடரை உருவாக்கிய மார்க் கேட்டிஸும் இந்தக் கூட்டத்தில் வளர்ந்த பிள்ளைகள். இரண்டாம் சீசனில் ஜான் தன் நடுப்பெயரை வெளியிடுகிறார்: ஹேமிஷ். ரசிகை ஒருவரின் ஊகம், டாயில் எழுதாமலே சரித்திரமாகிவிட்டது. காயத்துக்கும் வழி கண்டார்கள். தொடரின் ஜானுக்குக் குண்டு பட்டது தோளில். காலில் நொண்டல் இருப்பது மனதால். ஷெர்லாக்கோடு ஒரு டாக்ஸியைத் துரத்தி லண்டன் சந்துகளில் ஓடும்போது ஊன்றுகோலை உணவகத்திலேயே மறந்துவிடுகிறார். பிறகு உணவகக்காரர் அதை வீட்டு வாசலில் கொண்டுவந்து நீட்டும்போதுதான், தான் நொண்டாமல் ஓடியிருக்கிறோம் என்பதே அவருக்கு உறைக்கிறது. ஆசிரியரின் மறதி ஒரு மனிதனின் மனக்காயமாக மாறிவிட்டது. ஊகம் கலையாவது இப்படித்தான்.

மூன்றாம் சீசனின் முதல் எபிசோடான ‘தி எம்ப்டி ஹெர்ஸ்’ ரசிகர்களையே கதாபாத்திரமாக்கியது. முன்பு ஷெர்லாக்கை இளக்காரமாகப் பேசிய தடயவியல் அதிகாரி ஆண்டர்சன் இப்போது குற்றவுணர்ச்சியில் தாடி வளர்த்து, அவர் சாகவில்லை என்று நிரூபிக்க ஒரு குழுவே நடத்துகிறார். எபிசோடு தொடங்குவதே அவருடைய தியரியோடு. கயிற்றில் குதித்து, கண்ணாடியை உடைத்துக்கொண்டு நுழைந்து, மோலிக்கு ஒரு முத்தமும் கொடுத்துவிட்டு நடக்கும் ஷெர்லாக்! கேட்டுக்கொண்டிருந்த லெஸ்ட்ரேட் ஒற்றைச் சொல்லில் அதைக் குப்பையில் போடுகிறார். குழுவின் இன்னொரு பெண் சொல்லும் கதையில் ஷெர்லாக்கும் மொரியார்ட்டியும் காதலர்கள். கடைசியில் ஷெர்லாக்கே ஆண்டர்சன் எதிரில் உட்கார்ந்து விளக்குகிறார்: காற்றடைத்த பெரிய மெத்தை, ஷெர்லாக்கைப் போலவே இருந்த ஒரு பிணம், மோலியின் உதவி, சொல்லிவைத்த சைக்கிள்காரன், கூட்டமாக நடித்தவர்கள், அக்குளில் பந்து. ஆண்டர்சன் முகத்தில் ஏமாற்றம். இவ்வளவுதானா என்பதுபோல. பிறகு, என்னிடம் எதற்கு உண்மையைச் சொல்ல வேண்டும் என்ற சந்தேகம். அதோடு காட்சி நின்றுவிடுகிறது. சொன்னது உண்மையா என்பதை எபிசோடு உறுதிசெய்வதே இல்லை.

நழுவல் என்று திட்டியவர்கள் நிறைய. எனக்கு அது விவேகமாகப் பட்டது. இரண்டு ஆண்டுகள் ஆயிரம் தலைகள் யோசித்த பிறகு எந்த விடையும் சப்பென்றுதான் இருக்கும். பந்தையும் மோலியையும் விளக்கத்துக்குள் சேர்த்துக்கொண்டு, மீதியை ஆண்டர்சனின் முகத்தில் விட்டுவிட்டார்கள்.

அதே எபிசோடு அடுத்த விருந்தையும் பரிமாறியது. ஜானின் காதலி மேரியை ஷெர்லாக் முதல்முறை பார்க்கும்போது, அவரைப் பற்றி ஊகித்தவை திரையில் சொற்களாக மிதக்கின்றன. செவிலியர், பூனைப் பிரியர், வீட்டிலேயே ரொட்டி சுடுபவர் என்று அடுக்கிக்கொண்டே போகும் வரிசையில் ஒரு சொல்: பொய்க்காரி. கண் சிமிட்டும் நேரம்தான். கொஞ்ச நேரம் கழித்து ஜானைக் கடத்தியவர்களிடமிருந்து வரும் சங்கேதச் செய்தியை, அது இன்ன வகைச் சங்கேதம் என்று மேரி சட்டென்று அடையாளம் சொல்கிறார். ஒரு செவிலியருக்கு இது எப்படித் தெரியும்? அடுத்த எபிசோடில், திருமணத்தில் வாசிக்கப்படும் வாழ்த்துத் தந்தி ஒன்றைக் கேட்டு மணப்பெண்ணின் முகம் ஒரு கணம் வெளிறுகிறது. மூன்றையும் முடிச்சுப் போட்டவர்கள் ஜனவரி 12 அன்று வரவிருந்த கடைசி எபிசோடுக்காகக் காத்திருந்தார்கள். அன்று மேரி துப்பாக்கியோடு திரும்பி ஷெர்லாக்கைச் சுட்டார். டாயிலின் மேரி மாசு மருவற்றவர். கதையைக் கரைத்துக் குடித்தவர்கள்தான் அன்று அதிகம் ஏமாந்தார்கள். திரையை மட்டும் நம்பியவர்கள் தப்பித்தார்கள்.

விளையாட்டு கெட்டுப்போன கதையும் உண்டு. 2017 ஜனவரி 15 அன்று நான்காம் சீசனின் கடைசி எபிசோடு வந்தது. யாருக்கும் தெரியாத தங்கை, தீவுச் சிறை, ஓட்டை ஓட்டையாகத் தர்க்கம். பலருக்குச் செரிக்கவில்லை. இவ்வளவு மோசமாக இருப்பதே ஒரு தடயம், நிஜமான நான்காவது எபிசோடை ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்று ஒரு கூட்டம் நம்பத் தொடங்கியது. அடுத்த ஞாயிறு அதே நேரத்தில் ‘ஆப்பிள் ட்ரீ யார்டு’ என்ற புதுத் தொடர் அறிவிக்கப்பட்டிருந்தது. அது வெறும் திரை, அதன் பின்னால் ஷெர்லாக் வரப்போகிறார் என்றார்கள். 22ஆம் தேதி ‘ஆப்பிள் ட்ரீ யார்டு’தான் வந்தது.

இதைப் பைத்தியக்காரத்தனம் என்று சிரிப்பது எளிது. தவறு எங்கே நுழைந்தது என்று பார்ப்பதில்தான் ரசனைக்கு வேலை. பந்துத் தியரி ஒரு பொருளைக் கவனித்தது. மோலித் தியரி ஒரு மனதைக் கவனித்தது. மேரித் தியரி ஒரு சொல்லையும் ஒரு முகவாட்டத்தையும் கவனித்தது. மூன்றுமே பொய்யாகிவிடும் ஆபத்தை ஏற்றுக்கொண்டவை. ஒளித்துவைத்த எபிசோடு என்ற தியரிக்கு அந்த ஆபத்தே கிடையாது. நன்றாக இருந்தால் தடயம், மோசமாக இருந்தால் அதைவிடப் பெரிய தடயம். அது கதாபாத்திரங்களை விட்டுவிட்டு எழுத்தாளர்களின் மனதைத் துழாவப் போய்விட்டது.

ஆகவே ஒரு தியரியை எடைபோட என்னிடம் இருக்கும் படிக்கல் ஒன்றே ஒன்று. விடை வந்த பிறகு, ஊகம் தோற்றே போனாலும்கூட, அது சுட்டிய காட்சி முன்பைவிடச் செழிப்பாகத் தெரிகிறதா? குப்பை லாரிக்குள் குதித்தார் என்றவர்களைத் தொடர் கைவிட்டது. ஆனால் அவர்கள் சொன்ன பிறகு அந்தத் தெருவை யாரும் சாதாரணத் தெருவாகப் பார்க்க முடியாது; லாரி, கட்டடம், ஜான் நிற்கும் இடம் எல்லாம் யாரோ அளந்து வைத்தவையாகத் தெரிகின்றன. தோற்றும் இவ்வளவு கொடுத்த தியரியை நான் ஜெயித்த கணக்கில்தான் எழுதிக்கொள்வேன்.