நுவரெலியா வசந்தமும் உதகைக் கோடையும்

உஷ்ணப் பிரதேசங்களை அரசாள வந்த ஆங்கிலேயர், தம் தாய்நாட்டுக் குளிரையும் புல்வெளிகளையும் மறக்கமாட்டாதவர்களாய் மலைச் சிகரங்களைத் தேடி ஏறிய சரித்திரம், தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் பொதுவானது. நீலகிரியின் மேட்டு நிலத்தைக் கோயம்புத்தூர்க் கலெக்டராயிருந்த ஜான் சல்லிவன் 1819இல் சென்று கண்டார். நுவரெலியாவின் சமவெளியை டாக்டர் ஜான் டேவி என்பவர் கண்டதும் அதே 1819ஆம் ஆண்டில்தான். போன இடத்தில் எல்லாம் ஆங்கிலேயர் செய்த காரியமும் ஒன்றாகவே இருந்தது: மலையினின்று இறங்கும் ஓடையை மறித்து ஒரு நீர்நிலையை உண்டாக்குவது, அதன் அருகே குதிரைகள் ஓட ஒரு திடலைச் சமப்படுத்துவது, பூந்தோட்டம் ஒன்றை வகுப்பது, பின்னர் வருஷத்தில் சில வாரங்கள் அங்கே கூடிக் களிப்பது. உதகையின் ஏரி 1823 முதல் 1825 வரையில் சல்லிவன் வெட்டுவித்தது. நுவரெலியாவின் கிரகரி வாவி, தேசாதிபதி சர் வில்லியம் கிரகரியின் காலத்தில், 1873இல் தோன்றியது.

அரை நூற்றாண்டு இடைவெளியில் பிறந்த இவ்விரண்டு நீர்நிலைகளின் கரையிலும் இன்றுவரை ஆண்டுதோறும் ஜனங்கள் கூடுகிறார்கள். படகுகள் மிதக்கின்றன, மட்டக்குதிரைகள் குழந்தைகளைச் சுமந்து நடக்கின்றன, வேகவைத்த சோளமும் மலைக் காரட்டும் விலையாகின்றன. புறத்தோற்றத்தில் இத்தனை ஒற்றுமை இருந்தும், அந்நியர் விட்டுச்சென்ற இந்தக் கூடுகையை இரு நாட்டாரும் தமதாக்கிக்கொண்ட விதம் அடியோடு வேறானது என்பது என் அபிப்பிராயம். இலங்கையில் ஒரு பண்டிகை அதை ஏற்றுக்கொண்டது. தமிழ்நாட்டில் ஒரு தோட்டம் அதை ஏற்றுக்கொண்டது.

முதலில் பருவத்தைக் கவனிக்க வேண்டும். கடல்மட்டத்துக்கு 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கும் நுவரெலியாவில், மார்கழி, தை மாதங்களின் உறைபனி கழிந்து, தென்மேற்குப் பருவமழை இன்னும் வந்து சேராத இடைக்காலமாகச் சித்திரை அமைகிறது. காலையில் இளவெயிலும் பிற்பகலில் ஒரு மழையுமாக அந்த வாரங்கள் மிக ரமணீயமானவை. இலங்கையின் பாடசாலைகளுக்கு விடுமுறை வருவதும் அப்போதே. உதகை அதனினும் உயர்ந்தது, 2,240 மீட்டர். அங்கும் சித்திரை இனியதே ஆயினும், தமிழ்நாட்டில் பள்ளித் தேர்வுகள் முடிந்து, கத்தரி வெயில் தொடங்கி, சமவெளியில் இருப்பு கொள்ளாத நிலை ஏற்படுவது மே மாதத்தில். ஆகவே இலங்கையின் மலை உற்சவம் ஏப்ரலிலும், நீலகிரியின் உற்சவம் மேயிலும் உச்சத்தை அடைகின்றன. இந்த ஒரு மாத வித்தியாசத்தில் பெரும் பொருள் அடங்கியிருக்கிறது.

ஏப்ரல் முதல் தேதியன்று நுவரெலியாவின் வீதிகளில் பாடசாலைப் பிள்ளைகளின் வாத்தியக் குழுக்கள் அணிவகுத்துச் செல்வதோடு வசந்தகாலக் கொண்டாட்டம் ஆரம்பமாகிறது. அதற்கு இரண்டு வாரம் கழித்து, சூரியன் மீனத்தை விட்டு மேஷத்தில் பிரவேசிக்கும் புண்ணிய காலம் வருகிறது. அன்று தமிழர் மருத்துநீர் தேய்த்து நீராடிக் கைவிசேஷம் பெறுவர்; சிங்களவர் குறித்த சுபநேரத்தில் அடுப்பு மூட்டிப் பாற்சோறு சமைப்பர். அந்தக் கடன்களை வீட்டில் நிறைவேற்றிய பிறகே, கொழும்பிலிருந்தும் கண்டியிலிருந்தும் காலியிலிருந்தும் குடும்பங்கள் மலையை நோக்கிப் புறப்படுகின்றன. துரைமாரும் துரைசானிமாரும் தமக்குள் வைத்துக்கொண்டிருந்த பருவம், இவ்விதம் இரு இனத்தாருக்கும் பொதுவான புத்தாண்டின் வால்நீட்சியாக மாறிவிட்டது. குதிரைப் பந்தயத்தில் ஆளுநர் கிண்ணம் இன்றும் ஓடப்படுகிறது. 1930களில் தொடங்கிய மகாகஸ்தோட்டை மலையேற்ற மோட்டார்ப் பந்தயத்தைக் காண இளைஞர் திரளாக நிற்கின்றனர். விக்டோரியா மகாராணியின் வைரவிழா நினைவாக 1897இல் பெயர் பெற்ற பூங்காவிலே மாத இறுதியில் மலர்கள் காட்சிக்கு வருகின்றன. ஆனால் இவற்றில் எதையுமே பாராமல், வாவிக்கரையில் புதிய உடுப்போடு உலாவி, பலகாரப் பொட்டலத்தைப் பிரித்து உண்டு, சீத்தா எலியவில் சீதையம்மன் கோயிலில் ஒரு கற்பூரம் ஏற்றி, ஹக்கலைப் பூந்தோட்டத்தைச் சுற்றிவிட்டு மீளும் குடும்பமே அங்கு அதிகம். புத்தாண்டுக்கு உறவினர் வீட்டுக்குப் போவதுபோல அவர்கள் மலைக்குப் போகிறார்கள்.

உதகையில் நிகழ்ந்தது வேறு. சென்னை ராஜதானியின் கவர்னர் தம் பரிவாரத்தோடும் காகிதக் கட்டுகளோடும் கோடைதோறும் அங்கே ஏறிவந்து அரசு நடத்திய காலத்தில், அந்த ஊரின் கேளிக்கை முழுவதும் அதிகாரத்தின் நிழலில் வளர்ந்தது. அதிகாரம் மாறியபோது கேளிக்கையின் பொறுப்பும் புதிய அரசாங்கத்தின் கைக்கு வந்தது. இன்று கோடை விழா என்பது மாவட்ட நிர்வாகமும் தோட்டக்கலைத் துறையும் சுற்றுலாத் துறையும் சேர்ந்து நடத்துவது. அதன் உயிர்நிலையோ 1848இல் வில்லியம் கிரஹாம் மெக்கைவர் பொறுப்பேற்று வளர்த்த அரசு தாவரவியல் பூங்கா. 1896இல் தொடங்கிய மலர்க் கண்காட்சி, 2023இல் தன் 125ஆவது தடவையைக் கண்டது. இடையே ஒரு சில ஆண்டுகளே அது நின்றது என்பதை எண்ணும்போது, ஒரு கோயில் உற்சவத்துக்குரிய நிரந்தரம் அதற்கு வாய்த்துவிட்டதாகவே தோன்றுகிறது.

அந்தச் சில நாள் காட்சிக்குப் பின்னால் இருக்கும் உழைப்பை, வேலிக்கு வெளியே நின்று படம் பிடிப்போர் அறிவதில்லை. மே மாதத்தின் ஒரு குறிப்பிட்ட வாரத்தில் சால்வியாவும் பெட்டூனியாவும் டேலியாவும் ஒருமிக்க மலர வேண்டுமானால், அவ்வவற்றின் வளர்ச்சிக் காலத்தைப் பின்னோக்கிக் கணக்கிட்டு, பல மாதங்களுக்கு முன்பே விதைத்து, நாற்றுகளைப் பிரித்துத் தொட்டிகளுக்கு மாற்றி, குளிர்கால இரவுகளில் உறைபனி கருக்கிவிடாதபடி மிலார்ச் செடிகளால் மூடி, காலையில் படிந்த பனியைத் தண்ணீர் தெளித்துக் கரைத்து, ஆயிரக்கணக்கான தொட்டிகளை மாடங்களில் அடுக்கும்வரை காக்க வேண்டும். ஏப்ரலில் ஒரு ஆலங்கட்டி மழை பெய்தால் அத்தனையும் நாசம். இந்தத் தோட்டத் தொழிலாளரின் பொறுமையை நான் மிகவும் மதிக்கிறேன்; கொய்மலர்களை லட்சக்கணக்கில் குத்திக் கோபுரமும் யானையும் சிருஷ்டிப்பதைக் காட்டிலும், ஒரு தொட்டிச் செடியைக் குறித்த நாளில் பூக்கவைப்பதே பெரிய வித்தை என்று நினைக்கிறேன்.

நீலகிரியார் செய்துள்ள மற்றொரு ஏற்பாடு, நுவரெலியாவார் மனங்கொள்ளத் தக்கது. கோடை விழாவை அவர்கள் உதகையில் மட்டும் குவிக்கவில்லை. கோத்தகிரியில் காய்கறிக் கண்காட்சி, கூடலூரில் வாசனைத் திரவியக் கண்காட்சி, உதகையில் ரோஜாவும் மலரும், குன்னூர் சிம்ஸ் பூங்காவில் பழக் கண்காட்சி என்று மாதம் முழுவதிலும் மாவட்டம் முழுவதிலும் பரப்பிவிட்டார்கள். அவ்வவ்வூர் மண்ணில் விளைவதே அவ்வவ்வூரில் காட்சிக்கு வருகிறது. லீக்ஸும் உருளைக்கிழங்கும் விளையும் கந்தப்பளைக்கும், தேயிலை மணக்கும் தலவாக்கலைக்கும் நுவரெலியா வசந்தத்தில் இவ்விதம் தனிப் பங்கு உண்டாகுமானால், ஒரே வாவிக்கரையில் அத்தனை ஜனமும் நெருங்கி, ஒரே பாதையில் அத்தனை வண்டியும் தேங்கி நிற்கும் அவஸ்தை பெருமளவு குறையும். தேங்கும் துன்பம் உதகைக்கும் இல்லாமலில்லை. 2024 மே முதல் உயர்நீதிமன்ற ஆணைப்படி இ-பாஸ் பெற்றே வாகனங்கள் மேலே செல்கின்றன.

ஏரிகளைப் பற்றி வருத்தத்தோடுதான் எழுத வேண்டியிருக்கிறது. உதகை ஏரியின் பழைய பரப்பில் ஒரு பகுதி தூர்க்கப்பட்டுப் பந்தயத் திடலாகவும் பேருந்து நிலையமாகவும் ஆயிற்று. எஞ்சிய நீரில் கோடப்பமந்துக் கால்வாய் நகரத்தின் கழிவைக் கொண்டுவந்து சேர்க்கிறது. பந்தயத் திடலைக் குத்தகை நிலுவையின் காரணமாக 2024இல் அரசு தன் வசம் எடுத்துக்கொண்டது. கிரகரி வாவியில், சுற்றியுள்ள சரிவுகளின் காய்கறித் தோட்டங்களிலிருந்து மழை அரித்துவரும் வண்டல் படிகிறது. படகுச் சவாரிக்கு வசூலாகும் பணத்தின் முதற்செலவு, படகு மிதக்கும் நீரைச் சுத்தம் செய்வதாகவே இருக்க வேண்டும்.

இனி, மலையிலேயே வாழ்கிறவர்கள். உதகைத் தாவரவியல் பூங்காவின் மேற்சரிவில் தோதவரின் குடியிருப்பான மந்து ஒன்று இருக்கிறது. தோதவரின் மொற்பர்த் விழாவும் படகரின் ஹெத்தையம்மன் விழாவும் மார்கழி, தை மாதங்களில், கோடைக் கூட்டத்தின் கண்ணுக்கெட்டாத காலத்தில் நடந்து முடிந்துவிடுகின்றன; மே மாதத்து மேடையில் அவர்கள் நடனம் ஒரு சிறு நிகழ்ச்சியாக இடம்பெறுவதோடு சரி. நுவரெலியாவைச் சூழ்ந்த தோட்டங்களில் மாசி மாதத்தில் மலையகத் தமிழர் இரவெல்லாம் ஆடும் காமன் கூத்தும், அர்ச்சுனன் தபசும், பொன்னர் சங்கர் கதையும், ஏப்ரலில் கொழும்பிலிருந்து வருவோர் அறியாதவை. கொழுந்து பறித்து அந்த மலையைச் செல்வமாக்கியவர்களின் கலை, லயக் குடியிருப்புக்கு அப்பால் ஒலிப்பது அருமை.

இரு மலைகளையும் பிணைக்கும் உண்மையான கயிறும் அம்மக்களே. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்கவேண்டுமென விதித்தது. அப்படித் திரும்பியவர்களின் மறுவாழ்வுக்காகவே நீலகிரியில் 1968 முதல் அரசுத் தேயிலைத் தோட்டங்கள் உருவாகி, பின்னர் டான்டீ என்ற கழகமாயின. பிறந்த மலையிலே ஏப்ரல் கூட்டத்தைப் பார்த்தவர்களும் அவர்களின் மக்களும், கூடலூரிலும் கோத்தகிரியிலும் குன்னூரிலும் இன்று மே மாதக் கூட்டத்தைப் பார்க்கிறார்கள். ஆகவே இரு ஊர்களின் விழாக் குழுவினருக்கும் என் விண்ணப்பம் ஒன்றுண்டு: நுவரெலியாவின் வசந்த மேடையில் ஒரு மாலையும், கூடலூரின் கண்காட்சித் திடலில் ஒரு மாலையும் காமன் கூத்துக்கு ஒதுக்குங்கள்; ஆடுவோருக்குத் தக்க சன்மானம் கொடுத்து, தோட்டங்களிலிருந்து வந்து பார்ப்போரை அன்று கட்டணமில்லாமல் உள்ளே விடுங்கள்.