பின்பாட்டும் முன்பணமும்

ஆரணியைச் சுற்றியுள்ள ஊர்களில் பங்குனி பிறந்தால் ஏதாவதொரு திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் நடந்துகொண்டிருக்கும். பகலில் பிரசங்கியார் கதை சொல்வார். இரவில் அந்தக் கதையைக் கூத்து செட்டு, அதாவது கூத்துக் குழு, ஆடிக் காட்டும். வில் வளைப்பில் தொடங்கி பகடை துகில், அர்ச்சுனன் தபசு, கர்ண மோட்சம் என்று இரவுக்கு ஒன்றாகப் போய், பதினெட்டாம் போர் முடிந்த காலையில் படுகளம், மாலையில் தீமிதி. இத்தனை இரவையும் பத்துப் பதினைந்து பேர் கொண்ட ஒரே செட்டு தாங்கும். ஒன்றாகச் சாப்பிட்டு, கோயில் திண்ணையிலோ பள்ளிக்கூட வராந்தாவிலோ ஒன்றாகத் தூங்கி, அடுத்த ஊருக்கு ஒரே வண்டியில் போகிறவர்களைப் பார்த்து, "கூத்துக்காரங்க ஒரு குடும்பம் மாதிரி" என்று ஊரே சொல்லும். கலை விழா மேடைகளிலும் இதையே சொல்லிப் பொன்னாடை போர்த்துகிறார்கள். இந்தப் பாராட்டை அப்படியே ஏற்க எனக்குத் தயக்கம் உண்டு. கூத்துக்காரர்களின் தோழமை உண்மையானதுதான். ஆனால் அது களரிக்குள், அதாவது ஆடுகளத்துக்குள், இருக்கிற அளவுக்குக் களரிக்கு வெளியே இல்லை. ஏன் என்பதுதான் கேள்வி.

களரிக்குள் அது எப்படி வேலை செய்கிறது என்று முதலில் பார்க்கலாம். துரியோதனன் வேடக்காரரின் கிரீடமும் புஜக்கட்டையும் மார்பதக்கமும் மரத்தில் செதுக்கிக் கண்ணாடிச் சில்லு பதித்தவை. லேசான மரம்தான் என்றாலும் விடிய விடியச் சுமக்க வேண்டும். அந்தச் சுமையோடு அவர் உச்சக் குரலில் ஒரு வரி பாடுகிறார். பின்னால் நிற்கிற பின்பாட்டுக்காரர்கள் அந்த வரியை வாங்கித் திரும்பப் பாடுகிறார்கள். அந்த இடைவெளியில்தான் அவர் மூச்சு வாங்குகிறார், அடவு போடுகிறார், அடுத்த அடியை நினைவுக்குக் கொண்டுவருகிறார். அடி மறந்துபோனால் பின்னாலிருந்தே முதல் சொல் வந்து விழும். முகவீணை சுருதியைப் பிடித்து நிறுத்தும். கோமாளியான கட்டியக்காரன் கேள்வி கேட்கிற சாக்கில், தடுமாறும் ராஜாவை மறுபடி கதைக்குள் இழுத்துவிடுவான். சுற்றியிருக்கும் கூட்டம் சிரிக்குமே தவிர, ஒரு பிழை மூடப்பட்டது என்பதைக் கவனிக்காது.

முன்னிரவில் வேடம் கட்டி ஆடியவரே பின்னிரவில் பின்பாட்டுக்கு வந்து நிற்பதும் உண்டு. இங்கே ஒருவருக்கொருவர் உதவுவது நல்ல மனதைப் பொறுத்ததல்ல. அது பாட்டின் கட்டுமானத்திலேயே இருக்கிறது. சாயங்காலம் சண்டை போட்டுக்கொண்ட இருவர்கூட வரியை வாங்கிப் பாடித்தான் ஆகவேண்டும். இல்லையென்றால் பாட்டே கிடையாது.

திரௌபதியைத் துகிலுரியும் பகடை துகில் இரவு இதன் உச்சம். துச்சாதனன் வேடக்காரர் துகிலைத் தொடுவதற்கு முன் கற்பூரம் ஏற்றி, அம்மனை வணங்கிக்கொள்வார். எதிரே திரௌபதியாக நிற்பவர் பல ஆண்டுகள் அவரோடு ஆடிய இன்னொரு ஆண். இருந்தும் அந்த இடத்தில் ஆவேசம் வந்துவிடலாம் என்று எல்லோருக்கும் தெரியும். பிடித்துக்கொள்ள இரண்டு பேர் பக்கத்திலேயே தயாராக நிற்பார்கள். யார் நிற்பது என்பதை அந்த நேரத்தில் யோசிப்பதில்லை. ஆட்டத்தின் ஆபத்தை முன்கூட்டியே பகிர்ந்து வைத்திருக்கிறார்கள். நவீன நாடகக் குழுக்கள் பயிற்சி முகாம் போட்டுக் கற்றுக்கொள்ள முயல்கிற நம்பிக்கை இதுதான்.

இனி களரிக்கு வெளியே.

செட்டுக்கு ஆள் சேர்ப்பது பெரும்பாலும் முன்பணத்தால். பருவம் தொடங்குமுன் செட்டுக்காரர் ஒரு தொகை கொடுக்கிறார். வாங்கியவர் அந்த ஆண்டு அவருக்கு ஆடவேண்டும். மழைக்காலத்தில் ஆட்டம் இல்லாதபோது அடுப்பெரிய வைப்பது அந்தப் பணம்தான், அதை மறுக்க முடியாது. ஆனால் கணக்குத் தீராவிட்டால் அடுத்த ஆண்டும் அதே செட்டு. கூலி போதவில்லை என்று வெளியே போக நினைப்பவரிடம் யாரும் கடனைப் பற்றிப் பேசுவதில்லை. "குடும்பத்தை விட்டுட்டுப் போறியா?" என்றுதான் கேட்பார்கள். குடும்பம் என்ற பேச்சு இங்கே செட்டுக்காரருக்குச் சாதகமாக வேலை செய்கிறது. பெயர் பெற்ற வேடக்காரருக்குப் பேரம் பேசும் பலம் உண்டு. பின்பாட்டுக்காரருக்கு அது கிடையாது, ராத்திரி முழுக்க அவர் குரலில்தான் ஆட்டம் நின்றது என்றாலும்.

ஆரணிக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பட்டுத் தறியிலும் இதே கணக்கு. முதலாளியிடம் முன்பணம் வாங்கிய நெசவாளி அதைத் தீர்க்காமல் வேறு முதலாளியிடம் பாவு வாங்குவது சிரமம். கோர்வைச் சேலைக்குக் கரை நாடாவைத் தள்ளப் பக்கத்தில் இன்னொரு ஆள் உட்கார வேண்டும். ஒரு காலத்தில் அந்த ஆள் பல தறிகளில் ஒரு சின்னப் பிள்ளை. சேலை நெய்தவர் பெயரே கடைக்கு வருவதில்லை என்னும்போது கரை தள்ளியவரைப் பற்றிக் கேட்க யார் இருக்கிறார்கள்? பின்பாட்டுக்காரரின் இடமும் அதுதான்.

மதுரைப் பக்கத்து ஸ்பெஷல் நாடகம் இதற்கு நேர்மாறான ஏற்பாடு. அங்கே செட்டு என்பதே இல்லை. ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன், ஆர்மோனியக்காரர் என ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பேசி வரவழைப்பார்கள். ஒத்திகை கிடையாது, அன்று இரவுதான் பலர் ஒருவரையொருவர் பார்ப்பார்கள். 1922இல் மறைந்த சங்கரதாஸ் சுவாமிகள் எழுதிவைத்த நாடகங்கள் எல்லோருக்கும் மனப்பாடம் என்பதால் வள்ளி திருமணம் தடையில்லாமல் நடந்துவிடும். நட்பு இல்லாமலும் நல்ல இசை நாடகம் நடக்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். நடிகர் ஒரு செட்டுக்குக் கட்டுப்பட்டவரும் அல்ல. ஆனால் அங்கே எல்லோரும் தனித்தனித் திறமைசாலிகளாக மோதிக்கொள்வார்கள். தர்க்கப் பாட்டில் எதிராளியை மடக்குவதே சுவை. தடுமாறுகிறவரைத் தூக்கிவிடும் பின்பாட்டு அதில் இல்லை. இரண்டில் எது மேல் என்று என்னைக் கேட்டால், ஆட்டத்துக்குக் கூத்து, கூலிக்கு ஸ்பெஷல் நாடகம் என்பேன்.

தொழில்முறை செட்டைத் தவிர, ஊர்க்காரர்களே வேடம் கட்டும் கூத்தும் உண்டு. தறி முடிந்த ராத்திரிகளில் ஊர் இளைஞர்கள் ஒரு வாத்தியாரை வைத்துப் பாடம் கேட்டு, மாதக்கணக்கில் ஒத்திகை பார்த்து, அரங்கேற்றம் செய்வார்கள். தோழமை பற்றிய கதைகள் அதிகம் கேட்பது இங்கேதான். அவை பெரும்பாலும் பொய்யில்லை. ஆனால் செலவுக்குப் பணம் போட்டவர்களின் கூத்து என்பதால், யாருக்கு எந்த வேடம் என்பதைக் குரல் மட்டும் முடிவு செய்வதில்லை. சுருதி சேராத அர்ச்சுனனிடம் யாரும் அதைச் சொல்ல மாட்டார்கள். அவன் சிநேகிதன், நாளைக்கும் அவன் முகத்தில் விழிக்கணும். வாத்தியார் மட்டும் திட்டுவார். அவர் வெளியூர்.

சாதியைத் தொடாமல் இந்தப் பேச்சு முழுமையாகாது. சுருக்கமாகவே சொல்லலாம்: ஊரும் சேரியும் வெகுகாலம் தனித்தனி செட்டுகளாகவே ஆடின. எந்தக் கோயிலில் எந்த செட்டு ஆடலாம், ஆடிய பிறகு யாருக்கு எங்கே இலை போடுவது என்பதெல்லாம் களரிக்கு வெளியே முடிவாகும் சங்கதிகள். கலை சாதியைக் கடந்தது என்பவர்கள் இலை போட்ட இடத்தைப் பார்த்ததில்லை.

களரிக்கு வெளியே மாற்றம் வந்த இடங்களைக் கவனித்தால் ஒன்று தெரிகிறது: அன்பு கூடியதால் அது வரவில்லை, வெளியேயும் விதி வகுத்ததால்தான் வந்தது. பெருங்கட்டூர் பி. ராஜகோபால் உள்ளிட்ட கலைஞர்கள் 1990இல் இந்தக் கூத்துக்கான கட்டைக்கூத்துச் சங்கத்தைத் தொடங்கினார்கள். செட்டுக்குச் செட்டு போட்டியாக இருந்தவர்கள் ஒரே அமைப்பில் உட்கார்ந்து தொழிலைப் பற்றிப் பேச அது இடம் கொடுத்தது. 2002இல் காஞ்சிபுரம் அருகே புஞ்சரசந்தாங்கலில் தொடங்கிய கட்டைக்கூத்துக் குருகுலம் படிப்பையும் கூத்தையும் சேர்த்துக் கற்பித்தது. பையன்களோடு பெண் பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டது. பழைய செட்டில் இது நடந்திருக்காது. திண்ணையில் ஒன்றாகத் தூங்கும் தோழமையில் பெண்ணுக்கு இடமே கிடையாது. அந்தத் தோழமையைப் புகழ்கிறவர்கள் இதை ஒரு குறையாகக்கூடச் சொல்வதில்லை. செய்யாறு பக்கத்துப் புரிசையில் கண்ணப்ப தம்பிரான் குடும்பம் பல தலைமுறையாக நடத்திவரும் கூத்து பெரும் சாதனை. ஆனால் அப்பனிடமிருந்து மகனுக்குப் போகும் பரம்பரை என்ற ஏற்பாட்டிலேயே மகள் எங்கே என்ற கேள்வி ஒளிந்திருக்கிறது.

பெண்கள் ஆட வந்த பிறகு எழுந்த சிக்கல்களில் இரவுப் பயணமும் கல்யாணமும் எல்லோருக்கும் தெரிந்தவை. அதிகம் பேசப்படாத ஒன்று சுருதி. ஆண்களின் சுருதிக் கட்டைக்கு ஆர்மோனியமும் முகவீணையும் பழகிப்போன களரியில் ஒரு பெண் கிரீடம் கட்டி வந்து பாடும்போது, பின்பாட்டு அவள் வரியை எந்தக் கட்டையில் வாங்குவது? அவளைக் கீழே இறங்கச் சொன்னால் குரல் எடுபடாது. ஆண்கள் மேலே ஏறினால் விடியும் வரை தாங்காது. கலப்பு செட்டு ஒவ்வொன்றும் இதை ஒத்திகையில் பேசித்தான் தீர்த்தாக வேண்டும், யாராவது ஒருவர் தன் வசதியான கட்டையை விட்டுக்கொடுக்காமல் அது தீராது.