கணக்கிற் புகாத கூரைகள்

லொஸ் ஏஞ்சலிஸ் நகர் தன் மின்சாரம் முழுவதையும் தூய சக்தியினின்றே பெறல் கூடுமோ என்னும் வினாவிற்கு, ஐக்கிய அமெரிக்காவின் தேசிய மீள்புதுப்பிக்கத்தக்க சக்தி ஆய்வுகூடம் 2021 இல் விடை பகர்ந்தது. நகரின் கட்டடங்கள், கூரைகள், மின்வாகனங்கள் யாவற்றையும் கணினியில் உருவமைத்து, 2035 இலேயே அஃது இயலும் எனக் காட்டிய அவ்வறிக்கையின் உழைப்பு வியத்தற்குரியது. ஆயின், கணினி கேட்ட வினாவிற்கே விடையிறுக்கும். எவர் கூரையிற் சூரியத்தகடு ஏறும், எவர் வாடகைவீட்டில் வெம்மை தணியும் என்பன போன்ற நீதிபற்றிய வினாக்கள் ஆங்கு ஓர் அத்தியாயத்துள் ஒடுங்கின. அறிக்கையைப் புகழ்ந்தோரும் அவ்வத்தியாயத்தை அதிகம் பேசிலர். 2023 இல் வெளிவந்த தொடராய்வோ வறியோர் வாழும் பகுதியினரையும் கலந்து கேட்டது. சூரியசக்திக்கென வழங்கப்பட்ட உதவிப்பணத்திற் பெரும்பங்கு வசதியுள்ள பகுதிகளையே சேர்ந்தது என அது கண்டது. அதன் பின்னரே குளிரூட்டியில்லா வீடுகளும் கணக்கின் நடுவே வந்தன.