‘களத்தூர் கண்ணம்மா’: பேணலும் குருதியுறவும்

ஆதரவற்ற குழந்தை உறவினரோடு சேரும் கதையைச் சொன்ன தமிழ்த் திரைப்படங்களுள் குறிப்பிடத்தக்கது, ஏவி.எம். நிறுவனம் 1960இல் வெளியிட்ட ‘களத்தூர் கண்ணம்மா’. ஜாவர் சீதாராமனின் கதையை ஏ. பீம்சிங் இயக்கினார். கமல்ஹாசனின் முதற்படம் என்னும் புகழ், இப்படம் எழுப்பும் அடிப்படை வினாவைப் பின்னுக்குத் தள்ளிவிட்டது. உறவு குருதியால் அமைவதா, பேணலால் அமைவதா என்பதே அவ்வினா.

சிறுவன் செல்வம் பெற்றோரை இழந்தவன் அல்லன், இழக்கச் செய்யப்பட்டவன். ஜமீன்தார் மகனும் உழவர் மகளும் மறைவாக மணந்து பெற்ற அவன், இறந்துவிட்டதாகத் தாயிடம் கூறப்பட்டு அநாதை இல்லத்தில் விடப்படுகிறான். எனவே அவனது அநாதை நிலை விதியின் விளைவன்று, குடிப்பெருமையின் விளைவு. எம்.எஸ். இராஜேஸ்வரியின் குரலில் அவன் இறைவனையே தாய் தந்தையராக விளிக்கும்போது, பெற்றோர் உயிரோடிருப்பதை அறிந்த பார்வையாளருக்கு அப்பாடல் பக்தியாக மட்டுமன்றி, முறையீடாகவும் ஒலிக்கிறது.

லாடிஸ்லாவோ வாய்தா இயக்கிய ஸ்பானியப் படமான ‘மார்செலினோ பான் இ வினோ’ (1955) இங்கு ஒப்புநோக்கத்தக்கது. மடத்து வாயிலில் விடப்பட்டுத் துறவியரால் வளர்க்கப்படும் மார்செலினோ, சாவின் வழியாகவே தாயை அடைகிறான். அங்குப் பிரிவு மறுமையில் தீர்கிறது. பீம்சிங் இம்மையிலேயே தீர்வு காண்கிறார்.

ஆயினும் அத்தீர்வில் ஒரு குறை உண்டு. தன் மகன் என அறியாமலே கண்ணம்மா செல்வத்திடம் அன்பு கொள்ளும் பகுதியே படத்தின் உயர்ந்த பகுதி. உண்மை வெளிப்பட்டதும் அவ்வன்பு குருதியின் ஈர்ப்பாகச் சுருங்கிவிடுகிறது. அநாதை இல்லத்தில் எஞ்சும் பிற குழந்தைகளுக்கு இம்முடிவில் இடமில்லை.

தமிழ் மரபு வேறொரு வழியையும் அறிந்திருந்தது. பாரி மாய்ந்தபின் அவன் மகளிரைக் கபிலர் தம் பொறுப்பில் ஏற்று, விச்சிக்கோனிடமும் இருங்கோவேளிடமும் மணம் வேண்டி நின்றதைப் புறநானூற்றின் 200, 201, 202ஆம் பாடல்கள் காட்டுகின்றன. முகையூர் வட்டாரத்தை அடுத்த திருக்கோவலூரின் வீரட்டானேசுவரர் கோயிலில் உள்ள முதலாம் இராசராசன் காலக் கல்வெட்டு, கபிலர் பாரி மகளை மலையனுக்கு அளித்ததைக் குறிக்கிறது. பெண்ணையாற்றில் உள்ள கபிலர் குன்று அந்நினைவை இன்றும் தாங்கி நிற்கிறது. கபிலர் பாரிக்கு உறவினர் அல்லர், நண்பர்.

குடிப்பெருமையால் நேர்ந்த தீங்கைத் துணிவுடன் காட்டிய ‘களத்தூர் கண்ணம்மா’, அதற்குரிய மாற்றையும் குடிவழியிலேயே தேடியது. நட்பின் பெயரால் கபிலர் ஏற்ற பொறுப்பை அது எட்டவில்லை.