தறிக்கூடத்துக்குள் ஒரு மந்திரவாதி

துப்பறியும் நாவலுக்கு இலக்கணம் வகுக்க முற்பட்ட ரொனால்ட் நாக்ஸ் என்னும் ஆங்கிலப் பாதிரியார், 1929-இல் தாம் எழுதிவைத்த பத்து விதிகளில், அமானுஷ்ய சக்திகளுக்குக் கதையில் இடமே கிடையாது என்று கண்டிப்பாய்ச் சொல்லிவிட்டார். கொலைகாரனைப் பேயே காட்டிக்கொடுத்துவிடுமானால், பக்கம் பக்கமாய்த் தடயம் தேடிய வாசகனின் சிரமமெல்லாம் விருதாதானே என்பது அவர் கட்சி. நியாயமான கட்சிதான்; ஆயினும் அந்த விதியைப் பகிரங்கமாய் மீறி, மந்திரவாதியையே துப்பறிவாளனாக்கிய ஒரு கதை வகை இன்று லட்சக்கணக்கான வாசகர்களை வசீகரித்து வைத்திருக்கிறது.

2000-இல் ஜிம் புட்சர் எழுதிய 'ஸ்டார்ம் ஃப்ரண்ட்' நாவலில் அறிமுகமாகும் ஹாரி டிரெஸ்டன், சிகாகோ நகரின் தொலைபேசிப் புத்தகத்தில் 'மந்திரவாதி' என்றே தன் தொழிலைப் பதிந்துகொண்டு, வாடகைப் பணத்துக்குத் திண்டாடியபடி, போலீசாருக்கு ஆலோசனை சொல்லிப் பிழைக்கிறவன். ஒருவரை மந்திரத்தால் தேட வேண்டுமானால் அவனுக்கு அவருடைய மயிரோ ரத்தமோ வேண்டும்; மந்திரத்தால் மனிதரைக் கொல்வது அவன் குலத்துச் சட்டப்படி குற்றம்; அவன் அருகில் போனாலே நவீன யந்திரங்கள் பழுதாகிவிடும். (பல்லடத்து விசைத்தறிக் கூடம் ஒன்றினுள் அவன் எட்டிப் பார்த்தால் அன்றைய கூலி போயிற்று!) இந்த நிர்ப்பந்தங்களில்தான் அக்கதைகளின் சுவாரஸ்யம் இருக்கிறது, மந்திரத்துக்கும் நியதி உண்டென்று ஆனபின், வாசகன் மறுபடியும் தடயம் தேடலாம். ஆனால் தொடர் நீள நீள நாயகனின் சக்தி பெருகி, எதிரிகளும் அதற்கு ஈடாய்ப் பெருகி, துப்பறிதல் தேய்ந்து யுத்தமாகி விடுவது இவ்வகையின் தீராத வியாதி.

நம்மிடையே இதற்கு மூலப்பொருள் இல்லாமலில்லை. நகை காணாமற்போனால், போலீஸ் நிலையத்தின் படியேறுமுன் மை போட்டுப் பார்க்கிறவரைத் தேடிப் போகும் வழக்கம் நம் ஊர்களில் இன்னும் அற்றுப்போய்விடவில்லை. ஆகவே நம் மந்திரவாதி பிறவியிலேயே துப்பறிவாளன். அப்படியிருந்தும் நம் நாவலாசிரியர்கள் இருவரையும் ஒருவராக்காமல், எதிரெதிரே நிறுத்தவே விரும்பினார்கள். சுஜாதாவின் 'கொலையுதிர் காலம்' நாவலில், பேயா விஞ்ஞானமா என்ற சம்சயம் துப்பறியும் வக்கீல்களான கணேஷுக்கும் வசந்துக்கும் இடையே உயிருள்ள வாக்குவாதமாக நடக்கிறது. இந்திரா சௌந்தர்ராஜனின் 'விடாது கருப்பு', தொண்ணூறுகளின் பிற்பகுதியில் சன் தொலைக்காட்சியில் 'மர்ம தேசம்' தொடரின் ஒரு பகுதியாக வந்தபோது, கருப்பராயனுக்குக் கிடா வெட்டும் கொங்கு நாட்டு வீடுகளில் அது வெறும் கதையாகவா பார்க்கப்பட்டிருக்கும்? அதில் முடிச்சவிழ்க்க மனோதத்துவம் வருகிறது. தெய்வத்துக்கும் கதவு ஒருக்களித்தே வைக்கப்படுகிறது. ஆஸ்திகரையும் நாஸ்திகரையும் ஒருங்கே திருப்தி செய்யும் சாதுரியம் அது. சுஜாதாவின் சம்சயத்தில் உள்ள முரட்டு நேர்மை அதில் குறைவு என்பது என் அபிப்பிராயம்.

மந்திரவாதியைத் துப்பறிவாளனாக்க நம்மவர் காட்டும் தயக்கத்துக்குக் காரணம் கற்பனை வறட்சியன்று. சிகாகோவில் மந்திரவாதி வெறும் வேடிக்கைப் பாத்திரம். இங்கேயோ, ஜுரத்தில் கிடக்கும் குழந்தையின் தாயிடம் பணம் பறித்துக்கொண்டு தாயத்துக் கட்டி அனுப்புகிறவன் அவன். அவனை நாயகனாக்கும் எழுத்தாளன் அந்தத் தாய்க்கும் பதில் சொல்லியாக வேண்டும்.

பதில் சொல்ல வழியுண்டு என்றே தோன்றுகிறது. தறிக்கூடத்தில் நூல் மூட்டை காணாமற்போய், முதலாளி மை போட்டுப் பார்க்கச் சொல்ல, வெற்றிலையில் தெரிந்த முகத்துக்குரியவன் அன்றிரவு முழுவதும் வேறொரு கூடத்தில் தறி ஓட்டினான் என்று கூலி நோட்டு சாட்சி சொல்லுமானால், தம் மையின் மீதே சந்தேகம் கொண்டு, மை போட்ட கிழவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, திருச்சி ரோட்டில் இறங்கி விசாரிக்கப் புறப்படுவார் அல்லவா?