துளைகளின் ஊடே ஒரு காட்சிக்கலை: ஊர்திப் பின்கண்ணாடிப் படங்கள் பற்றிய ஒரு விமர்சன நோக்கு

கலை விமர்சனம் என்றதும் நம்மவரின் சிந்தனை கோயிற் சிற்பத்தையோ, சுவரோவியத்தையோ, கண்காட்சி மண்டபத்திலே தொங்கும் ஓவியத்தையோ நாடிச் செல்வதே வழக்கமாகும். ஆனால் கொழும்பிலும் கண்டியிலும் யாழ்ப்பாணத்திலும் வீதியோரத்தில் நிற்கும் ஒருவனின் கண்முன்னே நாள்தோறும் மிகுதியாக வந்து செல்வன இவையல்ல. பஸ்வண்டிகளினதும் வான்களினதும் பின்கண்ணாடியை மூடி ஒட்டப்பட்ட படங்களே அவனது அன்றாடக் காட்சிச்சாலையாக அமைகின்றன. முருகனும் புத்தரும் யேசுநாதரும், சே குவேராவும் தமிழ்த் திரைப்பட நாயகரும், தனியார் வகுப்பு நடத்தும் ஆசிரியரும் அங்கே ஒரே அளவில், ஒரே பளபளப்பில் காட்சி தருகின்றனர். இத்துணை பெருந்தொகையினர் காணும் ஒரு காட்சிவடிவத்தை 'வெறும் விளம்பரம்' என ஒதுக்கிவிடுதல் விமர்சகனுக்கு எளிது; ஆயின் அவ்வாறு ஒதுக்குவது மக்களின் கண்களையே ஒதுக்குவதாகும். எனவே இவ்வடிவத்தினை அதன் ஊடகம், அதிலே எழுதப்படும் எழுத்து, அது தோற்றுவிக்கும் சமூக உறவு ஆகிய மூன்று நிலைகளில் நோக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலில் ஊடகத்தின் இயல்பினை அறிதல் வேண்டும். இப்படங்கள் அச்சாகும் பொருள் துளையிட்ட வினைல் படலமாகும். அதன் வெளிப்புறம் வெண்மையானது. அதன்மேலேயே படம் அச்சிடப்படும். உட்புறம் கருமையானது. படலம் முழுவதும் ஏறத்தாழ 1.5 மில்லிமீற்றர் விட்டமுள்ள துளைகள் ஒழுங்காக இடப்பட்டிருக்கும். நூற்றுக்கு 60 பங்கு அச்சும் 40 பங்கு வெளியும் கொண்ட படலமாயின், ஒரு சதுர சென்ரிமீற்றரில் 22 துளைகளுக்குச் சற்றுக் கூடுதலாகவே இருக்கும். வெளியே நிற்பவனின் கண்ணை வண்ண அச்சிலிருந்து தெறிக்கும் ஒளி கவர்ந்துகொள்வதால் அவன் படத்தைக் காண்கிறான். உள்ளே இருப்பவனுக்கோ கரிய பின்புறம் ஒளியைத் தெறிக்கச் செய்வதில்லை. ஆகவே அவனது கண் துளைகளின் வழியே வெளியுலகைச் சென்றடைகிறது. பிரித்தானியரான றோலண்ட் ஹில் 1980களில் இத்தகைய ஒருவழிக் காட்சி முறைக்குக் காப்புரிமை பெற்றார். நாம் காண்பது ஒரு முழுப்படம் அன்று. பாதிக்குச் சற்றுக் கூடிய ஒரு படத்தை நம் கண்ணே இட்டு நிரப்பி முழுமையாக்கிக்கொள்கிறது.

இப்படலத்தை ஒட்டுவதும் ஒரு கைத்தொழில் நுட்பமே. கண்ணாடியை அற்ககோலினால் துடைத்து எண்ணெய்ப் பசையை நீக்குவர். படத்தின் மேல் விளிம்பை ஒட்டுநாடாவினால் கண்ணாடியிற் பொருத்தி, பின்தாளைச் சிறிது சிறிதாக உரித்து, தட்டையான அழுத்தியினால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தேய்த்துச் செல்வர். சாதாரண ஒட்டுப்படத்துக்குச் சவர்க்கார நீர் தெளிப்பதுபோல இதற்குத் தெளிப்பதில்லை. நீர் துளைகளிலே தங்கிவிடும். றப்பர் விளிம்பின்மேல் ஏறாதபடி சில மில்லிமீற்றர் உள்ளே தள்ளி ஓரத்தை வெட்டுவர். மழைநீரும் தூசியும் துளைகளை அடைத்தால் உள்ளிருந்து பார்ப்பவனின் பார்வை கெடும் என்பதால், அறிந்த தொழிலாளி மேலே தெளிவான ஒரு காப்புப் படலத்தையும் இடுவான். செலவைக் குறைக்க விரும்புவோர் முதலில் கைவிடுவது இதனையே. வெளியிலிருந்து பார்த்தால் படத்தின் அழகு குறைவதில்லை. குறைவது உள்ளிருப்பவனின் பார்வை மாத்திரமே. இவ்வேறுபாடு பின்னர் நாம் கூறவிருக்கும் கருத்துக்கு அடிப்படையாகும்.

இவ்வடிவம் நமது நாட்டிலே வெற்றிடத்தில் தோன்றியதன்று. 1958 ஆம் ஆண்டில் பஸ் சேவை தேசியமயமாக்கப்பட்டு இலங்கைப் போக்குவரத்துச் சபை உருவானது; அதன் சிவப்பு வண்டிகள் ஒரே நிறத்தவை, ஒரே முகத்தவை. 1979 இல் தனியார் பஸ்வண்டிகளுக்கு மீண்டும் இடமளிக்கப்பட்டபோது, ஒவ்வோர் உரிமையாளனும் தன் வண்டியை ஏனையவற்றினின்று வேறுபடுத்திக் காட்டவேண்டியவனானான். போட்டி என்னும் பொருளாதாரத் தேவையே வண்டியின் உடலை ஓவியத்துக்குரிய தளமாக்கிற்று. அத்தேவையை முதலில் நிறைவேற்றியவர்கள் பெயர்ப்பலகை எழுதிய தூரிகைக் கலைஞர்கள். அவர்களின் எழுத்திலே கைநடுக்கமும் இருந்தது, கைவண்ணமும் இருந்தது. ஓர் ஊரின் எழுத்து இன்னோர் ஊரின் எழுத்தினின்று வேறுபட்டது. இன்று அவர்களின் இடத்தைக் கணினியும் அச்சுப்பொறியும் பெற்றுள்ளன. இதற்காக வெறுமனே இரங்குவது விமர்சனமாகாது. தூரிகையின் எல்லையை அறிந்து அத்தொழிலாளர் ஓர் அழகியலை ஆக்கிக்கொண்டதுபோல, துளையின் எல்லையை அறிந்து இன்றைய வடிவமைப்பாளர் ஓர் அழகியலை ஆக்கினரா என்பதே நாம் கேட்கவேண்டிய வினாவாகும்.

பெரும்பாலும் ஆக்கவில்லை என்றே கூறவேண்டியுள்ளது. துளையிட்ட தளத்துக்குப் பொருந்துவன பெரிய உருவங்கள், தெளிவான புறக்கோடுகள், ஒளிக்கும் நிழலுக்கும் இடையிலான வலுவான முரண் ஆகியனவே. நமது வீதிகளிற் காண்பனவோ காகிதச் சுவரொட்டிக்கென அமைந்த படங்களை அவ்வாறே பெருப்பித்து அச்சிட்டவை. மெல்லிய வண்ணச் சாயல்களும் நுண்ணிய அலங்காரங்களும் துளைகளிடையே சிதறிப்போகின்றன. பத்து மீற்றர் தூரத்தில் ஒரு தெய்வத்தின் முகம் கலங்கிய நீர்நிழலாகிவிடுகிறது.

எழுத்தின் நிலைமை இதனினும் பாரதூரமானது. தமிழ் எழுத்திலே மெய்யை உயிர்மெய்யினின்று பிரித்துக் காட்டுவது ஒரு புள்ளி. படத்தின் அடியில் எழுதப்படும் முகவரி, பாடம் முதலியவற்றின் எழுத்துகள் சிறியவை. அவற்றின் புள்ளி இரண்டு மில்லிமீற்றர் அளவினதாயின், ஒரு துளை அதன் நடுவிலே விழுந்தாலே அதிற் பெரும்பகுதி போய்விடும். எஞ்சுவது ஒரு மெல்லிய வளையமும் வாசகனின் ஊகமுமே. 'கல்வி' என்பதில் புள்ளி மறைந்தால் எஞ்சும் சொல் 'கலவி'. கல்வி நிலையம் ஒன்றின் விளம்பரத்துக்கு இதனினும் பெரிய தீங்கு வேறு வேண்டியதில்லை.

தமிழ் மாணவருக்கு இச்சிக்கல் புதியதன்று. மெய் புள்ளி பெறும் என்றும், எகர ஒகரக் குறில்களும் புள்ளி பெறும் என்றும் தொல்காப்பியம் விதித்தது. ஆயினும் ஏட்டிலே எழுதியோர், எழுத்தாணியாற் குத்தினால் ஓலை துளைபடும் என்பதால் புள்ளியைப் பெரும்பாலும் விடுத்தனர். அதன் விளைவாக மெய்யா உயிர்மெய்யா, குறிலா நெடிலா என்பதைப் பொருளை நோக்கியே தெளியவேண்டியதாயிற்று, பாடபேதங்கள் பெருகின. எகர ஏகார வேறுபாட்டை எழுத்துவடிவிலே தெளிவாக்கிய சீர்திருத்தம் வீரமாமுனிவரது என்பர். சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை 1887 இல் கலித்தொகையைப் பதிப்பித்தபோது எதிர்கொண்ட உழைப்பிலே இப்புள்ளியற்ற ஏடுகளை வாசிக்கும் உழைப்பும் அடங்கும். அன்று துளைக்கு அஞ்சிப் புள்ளியை விட்டனர். இன்று இட்ட புள்ளியைத் துளை விழுங்குகிறது. ஊடகம் எழுத்தை மாற்றும் என்னும் பழைய உண்மை, பஸ்வண்டியின் பின்புறத்தில் மீண்டும் நிறுவப்படுகிறது. ஏட்டுக்காலத்தவர் தம் ஊடகத்தின் குறையை அறிந்தே எழுதினர். அவ்வறிவு இன்றைய அச்சகங்களிலும் தோன்றுமாயின், தடித்த புள்ளியும் அகன்ற சுழியும் உடைய ஓர் எழுத்துவடிவம் இத்தளத்துக்கென்றே பிறக்கும்.

இனி, சமூக உறவு பற்றி நோக்குவோம். வோல்ற்றர் பெஞ்சமின் 1936 இல் வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரையில், பொறிமுறை மறுவுற்பத்தி கலைப்படைப்பின் வழிபாட்டுப் பெறுமானத்தைத் தளர்த்தி, காட்சிப் பெறுமானத்தை மேலோங்கச் செய்கிறது எனக் கருதினார். அக்கருத்தை நமது பஸ்வண்டியிலே கண்ணாற் காணலாம். சாரதியின் முன்னே உள்ளங்கையளவான ஒரு சாமிபடம் உண்டு. அதற்கே மாலையும் ஊதுவத்தியும். பின்கண்ணாடியில் அதே தெய்வம் ஆளுயரத்தில் நிற்கிறது. அதற்குப் பூவும் இல்லை, புகையும் இல்லை. அன்றியும் வண்டியினுள் இருப்போருக்கு அத்தெய்வம் தெரிவதே இல்லை. அவர்கள் காண்பது தெய்வத்தின் கரிய முதுகையே. படத்துக்குப் பணம் கொடுத்தவன் உரிமையாளன். பார்ப்பவன் வீதியில் நிற்பவன். அதன் இருளைச் சுமப்பவன் பயணச்சீட்டுக்குக் காசு கொடுத்த பயணி. இம்மூவருள் எவருடைய நலனுக்காக அப்படம் ஒட்டப்பட்டது என்பதை விளக்கவேண்டியதில்லை.

இவ்வொருவழிப் பார்வைக்கு நமது நாட்டிலே வேறொரு பொருளும் உண்டு. 1980களின் பிற்பகுதியிலும் 2000களிலும் ஆட்கள் காணாமலாக்கப்பட்ட காலங்களில், உள்ளிருப்போர் யாரெனத் தெரியாத வெள்ளை வான் மக்களுக்கு அச்சத்தின் குறியீடாக இருந்தது. தான் பார்க்கப்படாமலே பிறரைப் பார்ப்பது அதிகாரத்தின் பண்பு. பின்கண்ணாடிப் படம் ஒட்டுவோருக்கு அத்தகைய நோக்கம் எதுவுமில்லை. எனினும், உள்ளே நிகழ்வதை வெளியிலிருந்து காணமுடியாத பொது ஊர்தி பாதுகாப்பானதா என்று ஒரு பெண் பயணி கேட்பாளாயின் அவ்வினாவை அலங்காரத்தின் பெயரால் மறுக்க நமக்கு உரிமையில்லை. இரவில் உள்விளக்கு எரியும்போது இவ்வுறவு தலைகீழாகிறது. படம் மங்க, உள்ளிருப்போர் வெளியே தெரிகின்றனர். விளக்கை அணைத்துச் செல்லும் வண்டியிலோ இரு பக்கமும் இருளே.

2025 ஜனவரியில் பஸ்வண்டிகளிலும் முச்சக்கரவண்டிகளிலும் பொருத்தப்பட்ட மேலதிக அலங்காரங்களுக்கு எதிராகப் பொலிசார் நடவடிக்கை எடுத்தபோது, உரிமையாளர் சங்கங்கள் எதிர்ப்புத் தெரிவித்தன. ஒருபுறம் ஒழுங்கு, மறுபுறம் சுதந்திரம் என்று அவ்விவாதம் நடைபெற்றது. பயணியின் பார்வை அதிலே போதிய இடம் பெறவில்லை. அனைத்தையும் உரித்தெறிக என்பது கலையுணர்வற்ற தீர்ப்பு. எதையும் ஒட்டலாம் என்பது பொறுப்பற்ற தீர்ப்பு. கண்ணாடி முழுவதையும் மூடாது ஒரு பகுதியைத் திறந்து விடுதல், தடுப்பு விளக்கு உள்ள இடத்தை வெட்டி ஒதுக்குதல், காப்புப் படலத்தைத் தவிர்க்காதிருத்தல் ஆகியன கைத்தொழிலாளி அறிந்தவையே. அவற்றைக் கட்டாயமாக்குவது அரசின் கடமை.

'பிழைப்புக்காக ஒட்டும் ஒட்டுப்படத்தை இவ்வாறு ஆராய்வது மிகையாகாதா?' எனச் சிலர் வினவலாம். பிழைப்போடு பிணைந்திருப்பதாலேயே அது ஆராய்வுக்குரியது. கூத்தும் நாட்டார் பாடலும் ஒருகாலத்தில் படித்தோரின் கணக்கில் இடம்பெறாதவையே. அவற்றைக் கண்ணெடுத்துப் பார்த்த பின்னரே அவற்றின் உருவச் செம்மை புலனாயிற்று. பின்கண்ணாடிப் படம் இன்னும் அச்செம்மையை எய்தவில்லை. எய்துவதற்குரிய வாய்ப்பு அதன் துளைகளிலேயே உண்டு. வீதியிற் பார்ப்பவனுக்குத் தெளிவான உருவத்தையும், வண்டியினுள் இருப்பவளுக்குத் தெளிவான வீதியையும் ஒருங்கே அளிக்கும் படமே இவ்வூடகத்தின் இலக்கணத்துக்கு இயைந்த படமாகும். அவ்விரண்டில் ஒன்றைக் கொன்று மற்றதை வாழவைக்கும் படம், எத்துணை வண்ணமுடையதாயினும், கலையாகாது.